வேண்டாத பக்கம்

காபி ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் டெல்பர்ட் நிலவறைக்குப் படியிறங்கினான். அவன் அப்படிச் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கீழே சுவருக்குச் சுவர் அடுக்கிவைத்திருக்கும் இசைத்தட்டுகளில் எது எங்கே இருக்கிறதென்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவேன் என்று டெட்ராய்ட் முழுக்கப் பீற்றிக்கொண்டவன் அவன். ஊரில் டெக்னோ, ஹவுஸ் என்ற ஆட்ட இசையெல்லாம் தட்டாக வர ஆரம்பித்த நாளிலிருந்து சம்பளம் வாங்கியதும் நேரே கடைக்குப் போய் நின்றவன். ஒரே பாட்டை நாலு பேர் நாலு விதமாக ரீமிக்ஸ் செய்திருந்தால் நாலையும் வாங்குவான். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறதாமே என்று யாராவது காற்றுவாக்கில் சொல்லிவிட்டால் போதும், சிகாகோ வரைக்கும் வண்டியை விரட்டிக்கொண்டு போவான். வார நாட்களில் டெக்ஸ்டர் வழித்தடத்தில் நகரப் பேருந்து ஓட்டினான். வாரக் கடைசியில் பழைய கிடங்குகளிலும் வாடகைக் கூடங்களிலும் தட்டுப் போட்டு ஆட்களை ஆட வைத்தான். முட்டி இரண்டும் தேய்ந்து, பேருந்தும் ஆட்டமும் நின்றுபோன பிறகும் தட்டு வாங்குவது மட்டும் நிற்கவில்லை.

அவன் மனைவி வனெட்டா கேட்டது ஒரே ஒரு தட்டைத்தான்.

“நான் பாடின தட்டு இருக்குல்ல, அத மேல கொண்டா. செவ்வாய்க்கு முன்னாடி ஒரு தடவ கேட்கணும்” என்றாள். அவள் தொண்டையிலிருந்து வந்தது சொரசொரவென்று மரத்தை இழைக்கிற மாதிரியான சத்தம். இரண்டு வருடமாக அப்படித்தான். புற்று வந்து, மருந்து கொடுத்து, கதிர் வைத்து, போய்விட்டது என்று எல்லோருமாகக் கேக் வெட்டிய பிறகு திரும்பி வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் குரல்பெட்டியையே எடுத்துவிடப்போகிறார்கள். அதன் பிறகு கழுத்தில் போடும் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து காட்டியபோது டெல்பர்ட் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண், இருக்கிற குரலைச் சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லியிருந்தாள். போனில் வாக்கியங்கள் வரும், படிக்க வேண்டும். தண்ணீர் வேண்டும், தலையணையை நகர்த்து, நன்றி, வலிக்கிறது. வனெட்டா பாதி வரைக்கும் படித்தாள். பிறகு அதைப் போட்டுக் கேட்டுவிட்டு போனை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். யாரோ ஒரு கிழவி பேருந்து நிறுத்தங்களின் பெயரைப் படிக்கிற மாதிரி இருக்கிறது, இது நான் இல்லை என்றாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தத் தட்டின் நினைவு வந்தது. இருபத்தைந்து வயதில் அவள் பாடிய ஒரே தட்டு. லமான்ட் என்று ஒருவன் தன் வீட்டு அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, அவளை உள்ளே நிற்க வைத்துப் பாடவைத்தான். கூலியாக ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பொரித்த கோழி இறக்கை கொடுத்தான். சில நூறு பிரதிகள் மட்டும் அடித்து, பெயர்கூட அச்சிடாமல் வெள்ளை லேபிளோடு கொடுத்ததில் ஒன்று வீட்டுக்கு வந்தது. லமான்ட் செத்தும் எத்தனையோ வருடமாகிறது.

டெல்பர்ட் வெள்ளை லேபிள் தட்டுகள் இருக்கும் அடுக்கின் முன்னால் போய் நின்றான். அந்தத் தட்டில் வனெட்டா சிவப்புப் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தாள், அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். இல்லை. மறுபடியும் கடைசியிலிருந்து பார்த்தான். அப்போதுதான் சிவப்பு மையோடு சேர்ந்து இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: குளியலறைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் சிவப்பாகக் கரைந்து ஓடும் மை.

லேபிளை ஊறவைத்து உரிப்பது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். நல்ல தட்டு ஒன்று கையில் சிக்கிவிட்டால், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கும், தட்டுப் போடுகிற மற்ற ஆட்கள் பெயரைப் படித்துவிடக் கூடாது. படித்துவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் பெட்டியிலும் அதே தட்டு இருக்கும். அதனால் வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டு, நகத்தால் சுரண்டி, நடுவில் வெறும் கறுப்பாக்கிவிடுவார்கள். மற்றவர்கள் ஒன்றிரண்டுக்குச் செய்ததை டெல்பர்ட் நூற்றுக்கணக்கில் செய்தான். அவனுடைய மொட்டைத் தட்டுகள் என்றால் அப்போது ஊரில் ஒரு பேச்சு. தட்டுக்கு ஒரு பக்கம்தான் ஆட்டத்துக்கு உதவும் என்பதால், இருட்டில் அவசரத்தில் தப்பாகப் போட்டுவிடாமல் இருக்க, வேண்டாத பக்கத்தின் நடுவில் வெள்ளை டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுவான். மற்றபடி எது எது என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்கு இப்போது அறுபத்திரண்டு வயது.

ஆட்டத்துக்குப் போடாத ஒரு தட்டின் லேபிளை எதற்கு ஊறவைத்தோம் என்று அப்போதே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அவனுக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். பயம் பிடித்தவனுக்கு யோசனை எங்கே ஓடுகிறது.

அவன் மேலே போனபோது காபியில் ஆடை படிந்திருந்தது. எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவேன் என்றான். வனெட்டா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சமாக மீந்திருக்கும் குரலை அவள் கண்ட இடத்தில் செலவு செய்வதில்லை.

சனிக்கிழமை முழுக்க அவன் கீழேயே கிடந்தான். மொட்டைத் தட்டுகள் மூன்று அடுக்கு நிறைய இருந்தன. மேலே அவள் படுத்திருக்கிறாளே என்று ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டான். தட்டை உறையிலிருந்து உருவி, டேப் இல்லாத பக்கத்தை மேலே வைத்து, முள்ளைத் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை இறக்கினான். பெண் குரல் கேட்கிறதா என்று பார்த்தான். இல்லையென்றால் உறைக்குள் தள்ளி வலது பக்கம் வைத்தான். சில தட்டுகளைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது. விளிம்பில் நகக்கண் அளவு உடைந்திருக்கும் ஒன்றை எடுத்தபோது, இது ‘கதவு’, இதைப் போட்டுப் பார்க்க வேறு வேண்டுமா என்று நேராக வலது பக்கம் வைத்தான். அவன் வைத்த பெயர் அது. பேருந்துக் கதவு திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வருமே, அந்தச் சத்தம் அதில் தாளமாகத் திரும்பத் திரும்ப வரும். எந்த ஆட்டத்தையும் அவன் அதை வைத்துத்தான் ஆரம்பிப்பான். ஊரில் பாதிப் பேர் அது என்ன தட்டு என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள்.

வேலை ஓட ஓட பயம் குறையும் என்று நினைத்தான். அது பெருகியது. ஒவ்வொரு தட்டும் வலது பக்கம் போகப் போக, அந்தத் தட்டு இங்கே இல்லவே இல்லையோ என்ற நினைப்பு கெட்டியாகிக்கொண்டே வந்தது. இல்லாமல் போக இரண்டு வழி இருந்தது. ஒன்று, சில வருடங்களுக்கு முன்னால் கொட்டிய அந்த ஆகஸ்ட் மழை. சாக்கடைத் தண்ணீர் நிலவறைத் தரைக்குழியிலிருந்து பொங்கி மேலே வந்து, கீழ் அடுக்கில் இருந்ததையெல்லாம் ஊறவைத்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் குப்பைமேடு. அவன் வாசலில் மட்டும் தட்டுகள். அழுதுகொண்டே மண்வாரியால் அள்ளிக் கொட்டினான், எது எதென்று பார்க்கவில்லை. இன்னொன்று, போன வருடம். இதே மே மாதக் கடைசியில் ஆற்றங்கரையில் டெக்னோ திருவிழா நடக்கும்போது ஹாலந்திலிருந்து வந்த ஓர் இளைஞன், இந்த நிலவறைக்கு வந்ததே புண்ணியம் என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரு பெட்டி மொட்டைத் தட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வனெட்டாவின் குரலை வேற்றாளுக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் கூரை ஒழுகலை அடைத்திருக்கிறோமோ என்ற சந்தேகம் டெல்பர்ட்டுக்கு வந்தது. ஹாலந்துக்காரனுக்குச் செய்தி அனுப்பினான். பதில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்துப் பார்த்தான்.

பிறகு ரூஃபஸைக் கூப்பிட்டான். அந்தக் காலத்தில் அவனோடு எதிரும் புதிருமாகத் தட்டுப் போட்டவன் ரூஃபஸ். இப்போது ஒரே சர்ச்சில் ஒரே வரிசையில் உட்காருகிறவன். மொட்டைத் தட்டில் ஒன்றைக் காணவில்லை என்றதும் ரூஃபஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

“உன் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பாத்து எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சுடா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பேரச் சொன்னியா? நல்லா வேணும் உனக்கு. ஊருக்கு ஒளிச்சு ஒளிச்சு இப்ப உனக்கே ஒளிஞ்சுக்கிச்சா?”

“வனெட்டா பாடினதுடா.”

சிரிப்பு நின்றது. ரூஃபஸ் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“செவ்வாக்கிழமதான?” என்றான் ரூஃபஸ். “லமான்ட் எனக்கும் ஒண்ணு குடுத்த மாதிரி ஞாபகம். நான் என் வீட்டுல தேடறேன். நீ சாப்டியா மொதல்ல?”

ரூஃபஸ் தேடினான். அவனிடமும் இல்லை. வேறு இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தான்; என்ன பெயர், எந்த நிறுவனம் என்று அவர்கள் கேட்டார்கள். பெயர் இல்லாத தட்டை என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் பாடகர் குழுப் பெண்கள் வந்துவிட்டார்கள். தொப்பியும் வெள்ளை உடையுமாக, அலுமினியத் தாள் போர்த்திய பாத்திரங்களோடு. வனெட்டா அவர்களோடு இரண்டாவது வரிசையில் நின்று பல வருடம் பாடியவள். நாற்பது குரலில் ஒரு குரல். தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டால் முடியாது என்றுவிடுவாள். டெல்பர்ட் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அவர்கள் கையைப் பிடித்து ஜெபிக்க ஆரம்பிப்பதற்குள் நழுவிக் கீழே வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றான். தலைக்கு மேலே மரத்தளம் லேசாக அதிர்ந்தது. பெரிய குரல்கள், குளிருக்குப் போர்த்திவிடுகிற மாதிரியான குரல்கள். அதில் வனெட்டாவின் குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இல்லை. அவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில், தூக்கம் விட்ட கண்ணோடு பின்வரிசையில் உட்கார்ந்து, எப்போது முடியும் எப்போது முடியும் என்று அந்தப் பாட்டுகளைக் கேட்டிருக்கிறான். அப்போதெல்லாம் நாற்பதில் எது அவள் குரல் என்று பிரித்துக் கேட்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. இப்போது தோன்றி என்ன பிரயோசனம்.

அவர்கள் போன பிறகு ஹாலந்திலிருந்து பதில் வந்தது. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன், எதிலும் பெண் பாடவில்லை, உங்கள் மனைவிக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று எழுதியிருந்தான். டெல்பர்ட்டுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது. படித்து முடித்து போனைப் பைக்குள் போடுவதற்குள், அப்படியென்றால் சாக்கடைத் தண்ணீர்தான் என்று புரிந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை அவன் சமையலறைக்குள் நுழைந்தபோது வனெட்டா மேசையில் உட்கார்ந்திருந்தாள். வாசல் கதவோரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பை தயாராக இருந்தது. அவள் கையில் புதிதாக வாங்கிய சின்ன வெள்ளைப் பலகை. அதைத் திருப்பிக் காட்டினாள். ‘கிடைச்சுதா?’ என்று நீல மையில் எழுதியிருந்தது.

“எழுதாத. இன்னிக்குப் பேசலாமே” என்றான் டெல்பர்ட். அவன் குரல்தான் உடைந்தது.

“பழகிக்கணும்ல” என்றாள் அவள்.

அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த எழுத்துகளை உள்ளங்கையால் அழித்தான். கையெல்லாம் நீலமானது. இனியும் மழுப்ப முடியாது என்று தெரிந்ததும், எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாகக் கோர்த்துவைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். லேபிளை ஊறவைத்தது, பெயர் அழிந்தது, எல்லா மொட்டைத் தட்டையும் கேட்டாகிவிட்டது, எதிலும் அவள் இல்லை, அந்த மழைக்குத்தான் போயிருக்கும்.

“ஊற வெச்சது தெரியும்” என்றாள் வனெட்டா. “அன்னிக்குத் தொட்டியெல்லாம் செவப்பா இருந்துச்சு. நான்தான தேச்சுக் கழுவினேன்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

அவள் எழுந்து போய் அடுப்பில் வைத்திருந்த கஞ்சியைக் கிண்டினாள். அவள் இப்போது விழுங்குவது அது மட்டும்தான். அவன் பக்கத்தில் போய் நின்று, கரண்டியைத் தான் வாங்கிக்கொள்ளப் பார்த்தான், அவள் தரவில்லை. சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் மறுபடியும் கீழே இறங்கினான்.

மே மாதக் கடைசித் திங்கள், விடுமுறை நாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொல்லையில் விலா இறைச்சி சுட ஆரம்பித்திருந்தார்கள். நிலவறையின் சின்ன ஜன்னல் வழியாக அந்தப் புகையும் குழந்தைகளின் சிரிப்பும் உள்ளே வந்தன. மூன்று அடுக்கும் காலியாக, எல்லாத் தட்டும் வலது பக்கம் குவிந்திருந்தது. இனித் தேட இடம் இல்லை. நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தான். அவள் பிழைப்பாளா என்ற கேள்வியை மூன்று நாளாக அவன் தனக்குள் வரவிடவில்லை. தட்டு, தட்டு என்று அதன் பின்னாலேயே ஓடி அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்திருந்தான். ஓடுவதற்கு ஒன்றும் இல்லை என்றானதும் அது வந்து நின்றுவிட்டது. டெல்பர்ட் பயந்தான். சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்த மாதிரி, வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் போலப் பயந்தான்.

கை தானாகக் குவியலுக்குள் போய் விளிம்பு உடைந்த தட்டை உருவியது. ஆட்டத்துக்கு முன்னால் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் அவனை நிதானப்படுத்தியது அதுதான். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது, அதை மாட்டவில்லை. யாருக்காக இனிச் சத்தத்தை அடக்குவது என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு முள்ளை இறக்கினான்.

கரகரவென்று முதலில் தேய்மானச் சத்தம். பிறகு தாள அடி. தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, அவசரமில்லாத, ஒரே சீரான அடி. அதன் மேல் எங்கோ சங்கிலி இழுபடுவது போல ஒரு குலுக்கல். அப்புறம் அது: புஸ். ஓர் இடைவெளி. புஸ். அவன் கண்ணை மூடிக்கொண்டான். டெக்ஸ்டரில் பனி கொட்டும் விடியற்காலை, கதவு திறக்கிறது, ஆட்கள் காலை உதறிக்கொண்டு ஏறுகிறார்கள். புஸ். பயம் கொஞ்சம் மட்டுப்பட்டது.

படிக்கட்டில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். வனெட்டா இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை கைப்பிடியில். அவள் இந்தப் படியில் இறங்கி வருடக்கணக்காகிறது. அவன் ஓடிப்போய்ப் பிடித்தான். அவள் அவனைத் தள்ளாமல் அவன் தோளில் சாய்ந்தபடியே கடைசிப் படியில் நின்று கேட்டாள்.

“இது எங்க இருந்துச்சு?”

“இதா? இது என் ‘கதவு’. எப்பவும் போடுவேனே.”

“இதத்தான் மூணு நாளா தேடுறேன்னு சொன்னியா?”

அவனுக்கு விளங்கவில்லை. மருந்தின் குழப்பமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். ஒலிபெருக்கியிலிருந்து மறுபடி புஸ் வந்தது. வனெட்டா விரலை உயர்த்திக் காட்டினாள்.

“அது நான்.”

“எது?”

“அந்தச் சத்தம்.”

“அது பஸ் கதவும்மா.”

“பஸ் கதவா?” அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, அது அடங்கும் வரை அவன் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். “பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறேன்டா அது. அலமாரிக்குள்ள ஒரே புழுக்கம், நல்லா இழுத்துட்டேன். லமான்டோட சிநேகிதன் பின்பக்கத்துக்கு ரீமிக்ஸ் பண்ணினப்ப நான் பாடினதையெல்லாம் வெட்டித் தூக்கிட்டு மூச்ச மட்டும் வெச்சுக்கிட்டான்.”

டெல்பர்ட் தட்டைப் பார்த்தான். சுற்றிக்கொண்டிருந்தது. தட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து அவள் பாடிய பக்கத்தை ஒரே ஒரு தரம் கேட்டான், நன்றாக இருக்கிறது என்றான், திருப்பிப் போட்டான். திருப்பிப் போட்டதும் தலைகால் புரியாமல் போய்விட்டது. மறுநாளே தொட்டியில் தண்ணீர் பிடித்தான். அதற்குப் பிறகு அது ‘கதவு’. சிவப்பு மையில் பெயர் எழுதிய வெள்ளைத் தட்டு வேறு எங்கேயோ பத்திரமாக இருப்பதாகவே அவன் மனம் நினைத்துக்கொண்டுவிட்டது. அவளை ஆட்டக் கூடத்தில் நிற்கவைத்துவிட்டு, அவள் மூச்சைப் போட்டு ஊரை ஆட வைத்திருக்கிறான். இத்தனை வருடமும் அவள் அதை அங்கே நின்று கேட்டிருக்கிறாள்.

“ஏன் சொல்லல நீ?” என்றான்.

“நீ தெரிஞ்சுதான் போடறேன்னு நெனச்சேன்.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முள்ளைத் தூக்கினான். அறை சட்டென்று அமைதியானது. வெளியே ஒரு குழந்தை சிவப்பு சோடா கேட்டு அழுதது. தட்டை இரண்டு கையாலும் விளிம்பில் பிடித்துத் திருப்பினான். மறுபக்கத்தின் நடுவில், பழுப்பேறிப்போன டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தது. அவன் ஒட்டியது. வனெட்டா அதைப் பார்த்தாள். அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் அது தெரியாமல் யாரும் இருந்ததில்லை.

“தட்டுல பாட்டு இருந்தா ஆட்டத்துக்கு நீ போடமாட்ட. எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

“வனெட்டா…”

“பேசாத. போடு.”

அவன் டேப்பை உரிக்க முயன்றான். காய்ந்து இறுகிப்போயிருந்தது, நகத்தால் நிமிண்ட நிமிண்டத் துணுக்குத் துணுக்காக வந்தது. அவசரப்பட்டால் விரல் வழுக்கித் தட்டைக் கீறிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உரித்தான். நடுத்துளை தெளிவானதும் தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தான். பின்பக்கம் ஆயிரம் முறை முள் ஓடிச் சாம்பல் நிறமாகியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கீறல் இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி கன்னங்கரேலென்று, அவர்கள் இருவர் முகமும் தெரியும்படி பளபளத்தது. நிழல் மாதிரி தெரிந்த தன் முகத்தை வனெட்டா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். முள்ளின் நுனியில் இருந்த தூசியை ஊதினான், மறுபடி ஊதினான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் மெதுவாக இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கரகரப்பே இல்லை. சுத்தமாக அடி ஆரம்பித்தது. தட்டுப் போடுகிறவர்கள் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற வசதியாக இந்த மாதிரித் தட்டுகளில் தொடக்கத்தில் வெறும் தாளம் மட்டும் வெகுநேரம் ஓடும். டெல்பர்ட்டுக்கு அதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் இவ்வளவு நேரமா என்றிருந்தது. எங்கேயாவது முள் குதித்துவிட்டால்? டேப்பின் பசை உள்வரிகளில் இறங்கியிருந்தால்? ஒரு தரம் கேட்டது நினைவில் இல்லாததால் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வனெட்டாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் விரல் அவன் முட்டியில் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு விரல் நின்றது.

அடி ஓய்ந்து ஒரு சின்ன வெற்றிடம் வந்தது. ஒலிபெருக்கியில், புழுக்கமான அலமாரிக்குள் நின்றுகொண்டிருந்த பெண் மூச்சை இழுத்தாள். நாற்காலியில் வனெட்டாவின் தோள்கள் உயர்ந்தன, வாய் திறந்தது, அவளும் கூடவே இழுத்தாள்.